மோரிகனின் கண்ணாடி

ஐயா,
'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற கணினி விளையாட்டை ஆடி முடித்தேன். எந்தப் பரிசு கொடுத்தால் எத்தனை புள்ளி ஏறும் என்று பட்டியல் பார்த்து, அதில் கூட வரும் சூனியக்காரி மோரிகனிடம் நூறு எடுத்துவிட்டேன். அப்படியும் கடைசியில் என்னை விட்டுப் போய்விட்டாள். இது கதையின் குறைதானே? விளையாட்டில் வரும் காதல் இலக்கியம் ஆகுமா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இலக்கியமா இல்லையா என்பதை விடுங்கள். நான் 'பட்டியல்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2009இல் வெளிவந்த, பயோவேர் நிறுவனம் உருவாக்கிய அந்த விளையாட்டை என் மகள் சொல்லித்தான் ஆடினேன். கூட வருபவர்களின் மனம் அதில் ஓர் எண். கழித்தல் நூறிலிருந்து நூறு வரை. சரி, அதற்காக? இறுதிப்போருக்கு முந்தின இரவு மோரிகன் ஒரு சடங்கு கேட்கிறாள். மறுத்தால் அன்றே போவாள். சம்மதித்தால் போர் முடிந்து போவாள். அவள் வந்ததே அதற்காகத்தான். நூறு எடுத்தவனுக்கு அவள் கட்டுப்பட்டவள் என்று யார் சொன்னது? இது சம்பள பாக்கி கேட்கிற பேச்சு. உங்கள் வயதில் இது வரவே கூடாது.

முகாமில் தள்ளி, தனியாக மூட்டிய தீயருகே இருப்பாள். அங்கே அவள் சொன்ன கதையைக் கேட்டீர்களா? காட்டிலேயே வளர்ந்த சிறுமி, ஒரு சீமாட்டியின் வண்டியிலிருந்து பொன் கைக்கண்ணாடியைத் திருடி வருகிறாள். அம்மா ஃபிளெமத் அதைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்துவிடுகிறாள். விளையாட்டில் வரும் ஓர்சமார் நகரக் கடையில் அதுபோல ஒரு கண்ணாடி கிடைக்கும். நீங்களும் அதைக் கொடுத்திருப்பீர்கள், பட்டியலில் இருந்ததால்.

கல்யாணமான புதிதில் என் மனைவி ஒரு கதை சொன்னாள். அப்பா பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரைப் பள்ளிச் சுற்றுலாவில் தொலைத்துவிட்டு அடி வாங்கியிருக்கிறாள். நான் ம் கொட்டினேன், அவ்வளவுதான். தீபாவளிக்குத் தீபாவளி பட்டுப்புடவை எடுத்தேன். எல்லாம் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் மிஷினின் கிர்ரென்ற சத்தம் கேட்டபோதுதான் சுரீரென்றது. அங்கேயே ஒரு டம்ளரில் அவள் பெயரை வெட்டி வாங்கிப்போனேன்.

எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "அதுல அப்பா இனிஷியல் இருந்துச்சுங்க" என்றாள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன்.

அன்புடன்.