மெதுவா ஓடுனா சரியா இருக்கு, வேகம் எடுத்தா கணுக்கால் ஆடுது: ஷூ காரணமா?

கேள்வி: வயசு 34, மூணு வருஷமா ஓடுறேன் டாக்டர். போன மாசம் தடியான சோல், உள்ள கார்பன் பிளேட் (விறைப்பான தகடு) வெச்ச ஷூவுக்கு மாறினேன். மெதுவா ஓடும்போது ஒண்ணும் தெரியல, வேகம் கூட்டுனா கணுக்கால் ஆடுது, காலடி தாளம் தப்புற மாதிரி இருக்கு. ஷூ தான் காரணமா?

பதில்: ஷூ மட்டும்னு சொல்ல மாட்டேன், ஷூவும் வேகமும் சேர்ந்து பண்ற வேலை இது. குதிகால் தரையில பட்டதும் பாதம் லேசா உள்பக்கம் சாயும், கூடவே முழங்காலுக்குக் கீழ இருக்குற எலும்பு உள்பக்கமா திரும்பும், முட்டி மடங்கும், அப்புறம் உந்தி எழும்பும்போது இந்த மூணும் கிட்டத்தட்ட ஒண்ணாவே திரும்பி வரணும். இந்த ஒத்துப்போறதைத்தான் கோஆர்டினேஷன்னு சொல்றோம்.

மெதுவா ஓடும்போது ஒரு கால் தரையில சுமார் கால் செகண்ட் இருக்கும். வேகம் கூடக்கூட அது குறையும், முழு வேகத்துல ஓடுற ஸ்பிரிண்ட் வீரர்களுக்கு 0.1 செகண்ட் பக்கத்துல வந்துடும். கால் பட்ட பிறகு மூளைக்கு சேதி போய் திருத்தம் வர்றதுக்கு அங்க நேரமே பத்தாது, அதனால கால் தரையத் தொடுறதுக்கு முன்னாடியே சதை எவ்வளவு இறுகணும்னு உடம்பு கணக்கு போட்டு வெச்சிருக்கும். உங்க உடம்போட கணக்கு பழைய ஷூவுக்குப் போட்டது! மெத்து மெத்துன்னு இருக்குற சோல்ல கால் தன்னையே கொஞ்சம் விறைப்பாக்கிக்கும், பிளேட் வேற பெருவிரலை முன்ன மாதிரி மடங்க விடாது, அது மடங்காதப்போ அந்த வேலை கணுக்காலுக்கும் கெண்டைக்கால் சதைக்கும் வேற விதமா போகுது. சோல் உயரத்தையும் பாருங்க, ரோடு ரேஸ் ஷூவுக்கு உலக தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸ் வெச்ச உச்ச வரம்பே 40 மில்லிமீட்டர், அவ்வளவு உயரத்துல நின்னா பக்கவாட்டுல சின்ன சாய்வு கூட கணுக்காலுக்குப் பெரிய சுமை.

ஒண்ணு பண்ணுங்க, யாரையாவது பின்னாடி இருந்து போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கச் சொல்லுங்க, பழைய ஷூ, புது ஷூ ரெண்டுலயும், மெதுவாவும் வேகமாவும். குதிகால் பின்பக்கத்தை மட்டும் பாருங்க, வேகத்துல புது ஷூ மட்டும் ஒரு பக்கமா நசுங்கிச் சாயுதுன்னா விஷயம் அங்கதான் இருக்கு. கழட்டி மேஜை மேல வெச்சாலும் சில ஷூ அப்படியே சாஞ்சு நிக்கும், அதை இனிமே போடாதீங்க.

கொஞ்ச வாரத்துக்கு பெரும்பாலான ஓட்டம் பழைய ஷூவுலயே இருக்கட்டும், புதுசு வாரம் ஒரு நாள், கொஞ்ச தூரம். புது ஷூவும் புது வேகமும் ஒரே வாரத்துல வேண்டவே வேண்டாம், தயவுசெஞ்சு. ஒத்தக்கால்ல நிக்கறது, ஒத்தக்கால்ல குதிகாலைத் தூக்கி மெதுவா இறக்குறது, ரெண்டையும் தினமும் செய்யுங்க. பயந்துபோய் ஒரேயடியா மெல்லிசான தட்டை சோலுக்கும் தாவாதீங்க, முன்பாதத்தை விட குதிகால் பக்கம் 10 மில்லிமீட்டர் உயரமா இருந்து பழகுன கால் திடீர்னு தட்டையானா குதிகாலுக்கு மேல இருக்குற அக்கில்லஸ் தசைநாரும் முன்பாத எலும்பும் அந்த சுமையைத் தாங்காது.

நடுப்பாதத்து மேல்பக்கம் ஒரு விரலால அமுக்குனா ஒரே இடத்துல சுருக்குன்னு வலிச்சா ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்துங்க. அங்க இருக்குற நாவிகுலர் எலும்புல விழுற விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், எம்ஆர்ஐ கேளுங்க. மரத்துப்போனாலோ, நடக்கும்போதே பாதம் இழுபட்டாலோ அதை ஷூ சமாச்சாரம்னு விட்டுடாதீங்க, நேர்ல வந்து காட்டுங்க.