கடை ஐபிக்கு மட்டும் மென்பொருளைத் திறந்துவிடலாமா? கேள்வி பதில்

கணக்கு, பில் மென்பொருள்களைக் குறிப்பிட்ட ஐபியிலிருந்து (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டுகிற எண் முகவரி) மட்டும் திறக்கவிடுவது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள்.

கஸ்தூரியார் வீதி, நகைக்கடை: அண்ணை, வேலைக்கு நிற்கிற பெடியள் இரவில் வீட்டிலிருந்தும் ஸ்டொக்கைப் பார்க்கிறாங்கள். கடைக்கு மட்டும் விடுவம் என்று 192.168.1.10 ஐப் போட்டேன், இப்ப நானே உள்ளே போக முடியவில்லை.

அது கடைக்குள் ரவுட்டர் கொடுக்கிற முகவரி, பக்கத்துக் கடையிலும் அதே எண் இருக்கலாம். இணையத்தில் இருக்கிற மென்பொருளுக்குத் தெரிவது உங்கள் வெளி ஐபி மட்டும்தான். அதுவும் கரண்ட் போய் ரவுட்டர் திரும்ப எழும்பும்போது மாறிவிடலாம், அதனால் இணைப்புத் தருகிறவர்களிடம் நிலையான ஐபி கேட்டு வாங்கிவிட்டுப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் காலமை கடையைத் திறந்துவிட்டு பில் போட முடியாமல் நிற்பீர்கள்.

கொடிகாமம்: எங்களிடம் 4ஜி ரவுட்டர்தான் இருக்கு. சரிவருமா?

பெரும்பாலும் வராது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN (வெளி இணைய இணைப்பு) என்கிற இடத்தில் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிற முகவரி தெரிந்தால் சிஜிநாட் என்று அர்த்தம்: ஒரே வெளி ஐபியை முன்பின் தெரியாத பலரும் உங்களோடு பாவிக்கிறார்கள். அதை அனுமதித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் அனுமதி.

பருத்தித்துறை: கணக்குப் பார்க்கிற தங்கச்சி வீட்டிலிருந்து வேலை, அண்ணா டொரொண்டோவில். இரண்டு பேரின் ஐபியும் மாறிக்கொண்டே இருக்கு.

மாறுகிற ஐபியைத் துரத்திக்கொண்டு திரியாதீர்கள். நிலையான முகவரியுள்ள சின்ன சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் வயர்கார்ட் என்கிற விபிஎன் (எங்கிருந்தாலும் அந்த சேர்வர் வழியாகவே இணையத்துக்குப் போகவைக்கிற மறையாக்கப் பாதை) போட்டு, மென்பொருளில் அந்த ஒரு முகவரியை மட்டும் அனுமதியுங்கள். எல்லோரும் அதன் வழியாக வரட்டும், யாராவது வேலையை விட்டால் அவருடைய விபிஎன் சாவியை மட்டும் அழித்தால் போதும். அந்த சேர்வர் படுத்தால் எல்லோரும் வெளியே, ஆகவே கடையின் நிலையான ஐபியையும் பட்டியலில் வைத்திருங்கள்.

திருநெல்வேலி: நாங்களே எழுதின மென்பொருள், எஞ்சின்எக்ஸுக்கு (nginx, வருகிற கோரிக்கைகளை முதலில் வாங்கி மென்பொருளுக்குக் கொடுக்கிற வெப் சேர்வர்) பின்னால் ஓடுது. யார் வந்தாலும் 127.0.0.1 என்றுதான் பதிவாகுது.

அது அதே கணினியில் ஓடுகிற உங்கள் எஞ்சின்எக்ஸின் முகவரி. உண்மையான ஐபியை எக்ஸ்-ஃபோவர்டட்-ஃபோர் (X-Forwarded-For) தலைப்பில், அதாவது கோரிக்கையோடு சேர்ந்து வருகிற குறிப்பு வரியில், அனுப்ப எஞ்சின்எக்ஸுக்குச் சொல்லுங்கள், ஆனால் அந்தத் தலைப்பை யாரும் பொய்யாக எழுதி அனுப்பலாம், அதனால் உங்கள் சொந்த எஞ்சின்எக்ஸ் எழுதினதை மட்டும் நம்புங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் பூட்டுப் போட்டும் பலனில்லை. சேர்வருக்கு ஐபிவி6 (புதிய வகை நீளமான ஐபி முகவரி) இருந்தால் அதற்கும் விதி எழுதவேண்டும்.

சுன்னாகம்: சேல்ஸ்ஃபோர்ஸில் (வாடிக்கையாளர் விவரங்களைப் பார்க்கிற இணைய மென்பொருள்) நம்பகமான ஐபி போட்டும் வெளியிலிருந்து திறக்க முடியுது!

அதன் அமைப்புகளில் நெட்வேர்க் அக்சஸ் என்கிற பக்கத்தில் போட்டிருப்பீர்கள். அந்த ஐபியிலிருந்து வருகிறவரிடம் சரிபார்ப்புக் குறியீடு கேட்காமல் விடுமே தவிர, மற்றவர்களை அது தடுக்காது. தடுப்பதற்குப் பாவனையாளரின் புரொஃபைலில் (அவருக்கு என்ன அனுமதி என்று சொல்கிற அமைப்பு) லொகின் ஐபி எல்லை போடவேண்டும். போடமுன் உங்கள் ஐபி அதற்குள் இருக்கா என்று வடிவாகப் பாருங்கள்.

சாவகச்சேரி: இவ்வளவும் செய்தால் உள்ளே போகும்போது போனுக்கு வருகிற குறியீட்டை நிறுத்தலாமா?

வேண்டாம். ஐபி எந்த இடம் என்றுதான் சொல்லும், யார் என்று சொல்லாது. கடைக்கு வருகிறவர்களுக்கு வைஃபை தனியாகக் கொடுத்தாலும் வெளியே போவது அதே ஐபியால்தான்.