சன்ஸ்கிரீனில் பவுடர் கலக்கலாமா?

கேள்வி: தினமும் காலையில் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். வெயில் பட்டால் சன்ஸ்கிரீனே சிதைந்துவிடும் என்று படித்தேன். இணையத்தில் அழகுப் பொருள் விற்பவர் ஒருவர், "சிங்க் ஆக்சைடு பவுடரைக் கலந்து பூசுங்கள், நாள் முழுக்கத் தாங்கும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

நீங்கள் படித்தது சரிதான். சன்ஸ்கிரீனில் உள்ள மூலக்கூறு புற ஊதாக் கதிரை விழுங்கி, அதை வெப்பமாக வெளியே விட்டுவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் அடுத்த கதிரைப் பிடிக்க முடியும். புற ஊதாக் கதிர்களில் தோலின் ஆழம்வரை போகும் வகை யு.வி.ஏ. அதைப் பிடிக்க அதிகம் பயன்படுவது அவோபென்சோன். அதன் மூலக்கூறுகளில் சில திரும்பி வரும் வழியில் உருமாறிவிடும். உருமாறியவை யு.வி.ஏ.வைத் தடுக்காது. சன்ஸ்கிரீனில் சேர்க்கும் இன்னொரு பொருளான ஆக்டினாக்சேட்டும் கூட இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இரண்டுமே வீணாகும். ஆக்டோகிரைலீன், பெமோட்ரிசினால் என்று வேறு இரண்டு பொருள்கள் உண்டு; இவற்றில் ஒன்று கூட இருந்தால் அவோபென்சோன் வாங்கிய ஆற்றலைத் தானே வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்றும். ஒரு சன்ஸ்கிரீன் வெயிலில் நிற்பதும் நிற்காததும் இந்தச் சேர்க்கையைப் பொறுத்தது.

இதில் வெளியிலிருந்து பவுடரைக் கொட்டினால் என்ன ஆகும்? சிங்க் ஆக்சைடு தானாக மோசமான பொருள் இல்லை. ஆனால் வெளிச்சம் பட்டால் அதன் மேற்பரப்பில் வேதிவினைகள் தொடங்கும். பக்கத்தில் இருக்கும் மூலக்கூறுகளை அது உடைக்கும். அதனால்தான் பொறுப்பான தயாரிப்பாளர்கள் துகள்களுக்கு சிலிக்கா போன்ற மேல்பூச்சு கொடுக்கிறார்கள். பொட்டலத்தில் வரும் பவுடருக்கு அந்தப் பூச்சு உண்டா என்று விற்பவருக்கே தெரியாது. 2021-இல் ஒரேகான், லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சன்ஸ்கிரீன் கலவைகளில் சிங்க் ஆக்சைடு சேர்த்து 2 மணி நேரம் புற ஊதா ஒளியில் வைத்தார்கள். யு.வி.ஏ. பாதுகாப்பில் 80 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. சிங்க் சேர்க்காதபோது இழப்பு 16 சதவீதம்தான். போதாக்குறைக்கு, கையால் கலக்கும் பவுடர் கட்டி கட்டியாக நிற்கும். பூச்சில் ஓட்டை விழும். "நாள் முழுக்கத் தாங்கும்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் 2006-லேயே பரிந்துரைத்துவிட்டது. இன்னும் விற்கிறார்கள், மக்களும் நம்பி வாங்குகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த 50 என்ற எண்ணும் முழுக் கதை சொல்வதில்லை. அது தோல் சிவப்பதை வைத்து அளப்பது. சிவக்கவைப்பது பெரும்பாலும் யு.வி.பி. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர். அந்த 50-உம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் கிடைக்கும். பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெயிலில் வைத்து எடுத்தபின் எவ்வளவு மிச்சம் என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். அந்த முடிவை ட்யூபின்மேல் அச்சடிக்கச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்? எண்ணைப் பெரிதாகப் போட இடம் இருக்கிறதே!

சரி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூசச் சொல்கிறார்களே, பூசத்தான் வேண்டுமா? வெளியே இருந்தால் ஆமாம். அறைக்குள் ஜன்னலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தால் வேண்டாம். வெளிச்சம் படாதபோது இந்தச் சிதைவு நடக்காது. ஆனால் ஜன்னலோரம் வேறு விஷயம். சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், யு.வி.ஏ.வை நிறையவே உள்ளே விடும். தோல் சிவக்காது, எரியாது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்போம். காரிலும் இப்படித்தான்: முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, அது யு.வி.ஏ.வையும் பெரும்பாலும் தடுக்கும். பக்கக் கண்ணாடிகள் பலவற்றில் அந்தத் தடுப்பு கிடையாது. ஆக ஜன்னலோர இருக்கை என்றால் வெளியே இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே இருந்தவரும் மதியம் வெளியே இறங்கும் முன் மறுபடி பூச வேண்டும்; வியர்வையும் கைபட்டதும் பாதியைத் துடைத்திருக்கும்.

இப்போதைக்கு உங்கள் ட்யூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். அவோபென்சோன் அங்கே பியூட்டைல் மெத்தாக்சி டைபென்சாயில்மீத்தேன் என்றும், ஆக்டினாக்சேட் எத்தில்ஹெக்சைல் மெத்தாக்சிசின்னமேட் என்றும் இருக்கலாம். இந்த இரண்டும் இருந்து, ஆக்டோகிரைலீனோ பெமோட்ரிசினாலோ இல்லையென்றால், அடுத்த முறை வேறு வாங்குங்கள். பவுடரை ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் அந்தக் கலவையை இனி வெயிலுக்கு நம்ப வேண்டாம்.