மூன்று ஏ எடுத்தும் மொறட்டுவை கிடைக்கவில்லை, வவுனியாப் பிள்ளைக்குக் குறைந்த புள்ளிக்குக் கிடைக்கிறது. இது நியாயமா?

கேள்வி கேட்டவரின் மருமகன் கொழும்பில் கணிதப் பிரிவில் படித்தவர். பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் ஏ, ஆனாலும் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கைக்கு வரவில்லை. வடக்கில் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார்ப் பிள்ளைகள் அதைவிடக் குறைந்த இசட் புள்ளியோடு (அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி, கணக்கு கீழே) உள்ளே போகிறார்கள், இது என்ன நியாயம், அரசாங்கம் இடங்களைக் கூட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறார்.

நான் வவுனியாவில் உயர்தரம் படித்தவன். அந்தக் குறைந்த புள்ளியோடு உள்ளே போனவன். ஆகவே நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். கணக்கை மட்டும் நேராகச் சொல்கிறேன்.

வெட்டுப்புள்ளி (உள்ளே போகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி) வந்த அன்று பருத்தித்துறையில் இருக்கும் பெரியப்பாவுக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்தேன். "பெரியப்பா, இஞ்சினியரிங் கிடைச்சிட்டுது." அவர் கேட்ட முதல் கேள்வி: "மெரிட்டிலயோ, மாவட்டத்திலயோ?" மாவட்டத்தில் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, எதில போனா என்ன, ஒழுங்காப் படிச்சு முடி" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று ஏ எடுத்த பிள்ளையின் வீட்டுக்காரர் கேட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பெரியப்பாவின் கதை தெரிந்தால்தான் அந்தக் கேள்வி விளங்கும். அவர் 1974 அனுமதிக்குப் போட்டியிட்டவர். அதற்கு முன்பே கயிறு இறுகத் தொடங்கியிருந்தது. 1970 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 400க்கு 227 எடுத்தால் போதும், தமிழ் மொழிமூல மாணவர் 250 எடுக்க வேண்டும் என்று இரண்டு கோடு கிழித்தார்கள். பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், அதாவது இரண்டு மொழிமூலத்தாரின் புள்ளிகளையும் ஒரு பொது அளவுக்கு மாற்றுவது. 1974இல் மாவட்டப் பங்கீடு: நாட்டின் சனத்தொகையில் உன் மாவட்டம் எத்தனை வீதமோ, இடங்களிலும் உனக்கு அத்தனை வீதம். 1971 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சம் பேர், நாடு முழுவதும் 127 இலட்சம். நூற்றுக்கு ஐந்தரை. விஞ்ஞானப் பிரிவில் அதைப்போலப் பல மடங்கு பேரை அனுப்பிக்கொண்டிருந்த ஊருக்கு அந்த ஐந்தரை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பெரியப்பா அதில் வெளியே நின்றவர். கடைசிவரை ரியூசன் மாஸ்டர். அவரிடம் கணிதம் படித்த எத்தனையோ பேர் இன்று பொறியியலாளர்கள்.

அதே பங்கீடுதான், திருத்தித் திருத்தி, அவருடைய தம்பியின் மகனான என்னை உள்ளே கொண்டுபோய் விட்டது. அப்பா வேலைக்காக வவுனியாவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே வீட்டில் ஒருவருக்கு இழப்பு, ஒருவருக்கு லாபம்.

சரி, இப்போதைய முறைக்கு வருவோம். இதில் முக்கால்வாசிப் பேர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. இசட் புள்ளியே மாவட்டத்துக்கு ஏற்றமாதிரிக் கூட்டிக் குறைத்துப் போடுவது என்று நினைக்கிறார்கள். இல்லை. இசட் புள்ளி நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், அந்தத் தூரத்தை அந்தப் பாடத்தின் பொதுவான பரம்பலோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று பார்ப்பது. இரசாயனவியல் பேப்பர் கடினமாக வந்து சராசரி விழுந்த வருடத்தில் எடுத்த 70க்கும், எல்லோரும் அள்ளிக்கொண்ட பேப்பரில் எடுத்த 70க்கும் ஒரே மதிப்பில்லை. மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் பிரித்தால் உங்கள் புள்ளி. நாலு தசமதானம் வரைக்கும் போடுவார்கள். நாலாவது தானத்தில் கம்பஸ் தவறிய ஆட்களை எனக்குத் தெரியும்.

மூன்று ஏ என்பது இந்தக் கணக்கில் ஒன்றுமே சொல்லாது. ஏ எல்லை 75. 76, 75, 77 எடுத்தவரும் மூன்று ஏ, 94, 91, 96 எடுத்தவரும் மூன்று ஏ. பத்திரிகையில் படம் போட உதவும், பட்டியல் போட உதவாது. உங்கள் மருமகனின் இசட் என்ன என்று கேள்வியில் எழுதவில்லை, அதைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

இசட் கணக்குக் குழம்பியதும் உண்டு. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரும் புதிய பாடத்திட்டக்காரரும் வேறு வேறு வினாத்தாள் எழுதினார்கள், இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டு இசட் எடுத்தார்கள். வழக்குப் போய், 2012இல் உயர் நீதிமன்றம் (இந்திய நண்பர்களுக்கு: உங்கள் ஊர் உச்ச நீதிமன்றம்) அது சரியில்லை, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள் என்று சொல்லிவிட்டது. அதுவரைக்கும் அந்த வருடப் பிள்ளைகள் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் நின்றார்கள்.

மாவட்டம் உள்ளே வருவது இதற்குப் பிறகுதான். ஒரு பாடநெறியின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசை. மெரிட் என்று பெரியப்பா கேட்டது அதைத்தான். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. (முன்பு இது 30, 55, 15 என்று இருந்தது.) மெரிட்டை முதலில் நிரப்புவார்கள். அதில் போன கொழும்புப் பிள்ளை கொழும்பின் பங்கில் கழிக்கப்படுவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்குக் கணக்குப் போடுவோம். சுலபத்துக்காகப் பொறியியலுக்கு 1000 இடம் என்று வையுங்கள். 400 மெரிட். 550 மாவட்டங்களுக்கு. 2012 கணக்கெடுப்பில் நாட்டின் சனத்தொகை 203 இலட்சம், கொழும்பு மாவட்டம் 23 இலட்சம், வவுனியா ஒரு இலட்சத்து எழுபதாயிரம் சொச்சம். 550இல் கொழும்பின் பங்கு 62 அளவில் வரும். வவுனியாவின் பங்கு நாலு அல்லது ஐந்து. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் இன்னொன்று. ஆக ஐந்தாறு பேர்! வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நாலையும் சேர்த்தால்கூட மாவட்டப் பங்கில் 13 இடம் தாண்டாது. அந்த 13ஐயும் பிடுங்கிக் கொழும்புக்கே கொடுத்தாலும் அங்கே வரிசையில் நிற்கிற நூற்றுக்கணக்கானவர்களில் 13 பேருக்குத்தான் வழி திறக்கும். உங்கள் மருமகனின் இடத்தை எடுத்தது நாங்கள் இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். முழுக்க உண்மையில்லை. நூற்றில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம்.

கொழும்பின் வெட்டுப்புள்ளி எகிறுவதற்குக் காரணம், பங்கு சனத்தொகைக்குக் கொடுக்கப்படுகிறது, போட்டியோ பரீட்சை எழுதுபவர்களுக்கிடையில் நடக்கிறது. நல்ல பாடசாலைகளும் பெயர்பெற்ற ரியூசன்களும் குவிந்த இடத்தில் அந்த 62க்கு அடிபடுபவர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்துக்கும் இந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: 1974இல் "முன்னேறிய" மாவட்டம் என்று வெட்டு வாங்கிய யாழ்ப்பாணம், இன்று அந்தப் பின்தங்கிய 16 மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. இடையில் முப்பது வருடப் போர். பெரியப்பாவுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். நல்ல சிரிப்பில்லை.

நான் போனது மொறட்டுவைக்கு இல்லை, வேறொரு பொறியியல் பீடம், பெயர் இங்கே வேண்டாம். முதல் மாதம் விரிவுரையில் பாதி விளங்கவில்லை. கணிதம் விளங்கியது, ஆங்கிலம் விளங்கவில்லை. தமிழில் "விசை" என்று படித்து வந்தவனுக்குக் கரும்பலகையில் நடப்பது வேற்று நாட்டு நாடகம். அறையில் என்னோடு இருந்தவன் மொனராகலைச் சிங்களப் பையன். அவனும் மாவட்டத்தில் வந்தவன், அவனுக்கும் அதே பாடு. எனக்குச் சிங்களம் வராது, அவனுக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் ஓட்டை ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் பயிற்சிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோம். "கோட்டாக்காரங்கள்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்தான். இரண்டாம் வருடம் முடிய யார் எதில் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. எங்கள் வகுப்பில் மெரிட்டில் வந்தும் தடுக்கி விழுந்தவர்களும் உண்டு, மாவட்டத்தில் வந்து முதல் வகுப்பு எடுத்தவர்களும் உண்டு. நான் நடுவில்.

ஆனால் இந்த முறையில் எனக்கே ஒரு மனவுறுத்தல் இருக்கிறது, அது உங்களுடையது இல்லை. நான் படித்தது வவுனியா நகரத்தில். மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தார்கள், சனி ஞாயிறு யாழ்ப்பாணத்திலிருந்து மாஸ்டர்மார் பஸ் ஏறி வந்து வகுப்பு எடுத்தார்கள், பெரியப்பாவின் கொப்பிகள் வேறு வீட்டில் கிடந்தன. அதே மாவட்டத்தில் நெடுங்கேணிப் பக்கமோ செட்டிகுளம் பக்கமோ இருந்த பிள்ளை, கணிதப் பிரிவு படிக்கவே வீட்டைவிட்டு நகரத்துக்கு வந்து தங்க வேண்டும். இலங்கை முழுவதும் பத்தாயிரத்துக்கு மேல் அரச பாடசாலை இருக்கிறது, உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் இருப்பது அதில் ஆயிரம் அளவில்தான். ஆகவே "வவுனியாவின்" அந்த ஐந்தாறு இடமும் என்னைப் போன்ற நகரத்துப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தன. பின்தங்கியவன் என்ற பெயரில் நான் வாங்கிய இடம், உண்மையில் பின்தங்கிய ஒருவனைத் தாண்டித்தான் வந்தது. கொழும்பிலும் அப்படித்தான். தோட்டப்புற அவிசாவளைப் பிள்ளையும் வசதிக்காரர் வாழும் கொழும்பு ஏழுப் பிள்ளையும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி.

மாவட்டம் என்ற அளவுகோல் இவ்வளவு மொட்டையாக இருப்பதால்தான் குறைந்த வெட்டுப்புள்ளியுள்ள மாவட்டத்துக்குப் பிள்ளையை மாற்றும் தாவல் நடக்கிறது. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தீர்கள் என்று பார்த்துத்தான் மாவட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள், அதையும் திட்டம் போட்டுக் கடந்துவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள்.

இடங்களைக் கூட்டினால் என்ன? கூட்டித்தான் வருகிறார்கள். பேராதனையும் மொறட்டுவையும் மட்டும் இருந்த காலம் போய், இன்று ருகுணு, ஒலுவில், ஸ்ரீ ஜயவர்தனபுர, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் என்று பொறியியல் விரிந்திருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேல் எழுதி, ஒன்றரை இலட்சத்துக்கு மேல் தகுதி பெற்று, 17 பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுப்பது நாற்பதாயிரம் சொச்சம். கட்டணமில்லாப் படிப்பு, ஆகவே ஒவ்வொரு மேலதிகப் பிள்ளைக்கும் திறைசேரிதான் காசு கொடுக்க வேண்டும். காசு வந்தாலும் ஆய்வுகூடம் ஒரு வருடத்தில் முளைக்காது. நாங்கள் ஒரு சோதனைக் கருவியைச் சுற்றி எட்டுப் பேர் நின்றோம், கருவியைத் தொட்டவர் இரண்டு பேர், மற்ற ஆறு பேர் வாசிப்பைப் பார்த்து எழுதியவர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் நாட்டைவிட்டுப் போன வேகத்தில், இருக்கிற இடத்துக்கே கற்பிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. கதிரை போடுவது சுலபம். முன்னால் நிற்க ஆள் வேண்டுமே.

மருமகனுக்குச் சொல்வதானால்: முதல் பட்டியலோடு முடிவதில்லை. பதிவுக்கு வராதவர்களின் வெற்றிடங்களைப் பிறகு நிரப்புவார்கள், வெளிநாடு போகிறவர்களால் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் இடம் விழும். விண்ணப்பத்தில் மொறட்டுவையை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தால் அது பெரிய பிழை. நாலாவது, ஐந்தாவது தெரிவாகப் போட்ட பீடத்தில் படித்து இன்று எனக்கு மேலதிகாரியாக இருப்பவர் ஒருவர் இருக்கிறார். மூன்று முறை எழுதலாம், ஆனால் மூன்றாவது முறை வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் மறுபடி எழுதுகிறார் என்றால் ஒரு வார்த்தை போடுங்கள். பெரியப்பாவின் இணைந்த கணிதக் கொப்பி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அனுப்பலாமா என்று அவரிடமே கேட்டேன். "எந்த மாவட்டப் பெடியன்?" என்றார். கொழும்பு என்றேன். "பாவம், குடு" என்றார்.