12, 50, 30: மிச்சம் வராமல் எத்தனை பொதி?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தால் சுமார் 170 பிள்ளைகளுக்குப் பொதி கொடுக்கப் போகிறோம். ஒரு பொதியில் ஒரு அப்பியாசக் கொப்பி, ஒரு பேனை, ஒரு அழிறப்பர். மத்திய வீதியில் கேட்ட கடையில் கொப்பி 12 கொண்ட கட்டு, பேனை 50 கொண்ட பெட்டி, அழிறப்பர் 30 கொண்ட பக்கற். உடைத்துத் தரமாட்டார்களாம். எதுவும் மிஞ்சாமலிருக்க எத்தனை பொதி போட வேண்டும்? மகனின் கணிதக் கொப்பியைப் பார்த்து முதன்மைக் காரணி முறையில் செய்தேன், 18,000 வருகிறது! - வாசகி, உப்புவெளி

பதில்: 18,000 பேர் என்றால் மெக்கெய்சர் மைதானத்தில்தான் வரிசையில் நிறுத்த வேண்டும், அம்மா. காரணிகளைச் சரியாகத்தான் பிரித்திருப்பீர்கள். கடைசிப் பெருக்கலில்தான் சறுக்கல்.

12 = 2 × 2 × 3
50 = 2 × 5 × 5
30 = 2 × 3 × 5

இதிலுள்ள எல்லாவற்றையும் பெருக்கினால் 18,000 வரும். அது மூன்றாலும் மீதியின்றி வகுபடும் பொது மடங்குதான், ஆனால் பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) அல்ல. நமக்கு வேண்டிய எண்ணுக்குள் 12 அடங்க இரண்டு 2, ஒரு 3 வேண்டும். 50 அடங்க ஒரு 2, இரண்டு 5. அந்த 2 ஏற்கெனவே 12க்காக வந்துவிட்டது, திரும்ப எதற்கு? 30 கேட்கும் 2, 3, 5 மூன்றுமே கையில் இருக்கின்றன. ஆக, ஒவ்வொரு முதன்மை எண்ணும் எந்த வரியில் கூடுதலான தடவை வருகிறதோ, அத்தனை தடவை மட்டும் எடுங்கள்: 2 × 2 × 3 × 5 × 5 = 300. கொப்பி 25 கட்டு, பேனை 6 பெட்டி, அழிறப்பர் 10 பக்கற்.

விடையைச் சோதிக்க ஒரு வழி. வந்த எண்ணை மூன்றாலும் தனித்தனியே வகுத்துப் பாருங்கள். 300க்கு 25, 6, 10 வருகின்றன. மூன்றுக்கும் பொதுவாக 1ஐத் தவிர வேறு காரணி இல்லை, எனவே சரி. உங்கள் 18,000க்கு 1500, 360, 600 வரும். இம்மூன்றின் பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.) 60. 18,000ஐ 60ஆல் வகுத்தால் அதே 300!

ரியூசனில் சிலர் 'பெருக்கிப் பொ.கா.பெ.ஆல் வகு' என்று குறுக்குவழி சொல்வார்கள். இரண்டு எண்களுக்கு அது சரி. 12, 50, 30 மூன்றுக்கும் பொ.கா.பெ. 2. அப்படியே போட்டால் 18,000 ÷ 2 = 9000 என்று பிழையாக வரும். மகனையும் இதில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

சரி, பிள்ளைகள் 170 பேர், பொதி 300. உங்களுக்கு அது கட்டாது. எண்ணை இப்படி ஏற்றிவிட்டது பேனைப் பெட்டியிலுள்ள இரண்டாவது 5தான். மற்ற இரண்டிலும் அது இல்லை. பேனை 20 கொண்ட பெட்டியாகக் கிடைக்குமா என்று வேறு கடையில் விசாரியுங்கள். 20 = 2 × 2 × 5 என்பதால் பொ.ம.சி. 60க்கு இறங்கிவிடும். 10 கொண்ட பெட்டி கிடைத்தாலும் அதே 60தான். அழிறப்பரை மாற்றிப் பயனில்லை: 30 கொண்ட பக்கற்றை 15 ஆக்கினாலும், பேனை 50 ஆக இருக்கும்வரை 300 அசையாது.

60இன் மடங்குகளில் 120 போதாது, 180 போதும். கொப்பி 15 கட்டு, 20 பேனைப் பெட்டி 9, அழிறப்பர் 6 பக்கற். 10 பொதி கூடுதலாக இருக்கும். பெயர் கொடுக்காமல் அன்றைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டும்தானே.