சாமியார்களின் ‘சித்தி’யை நம்பலாமா?

தவத்தாலோ யோகத்தாலோ ஒருவருக்குக் கைகூடுவதாகச் சொல்லப்படும், இயற்கையை மீறிய ஆற்றலே சித்தி. அணிமா, மகிமா எனத் தொடங்கி எட்டு வகையாக நம் மரபு அதனை எண்ணுகிறது. ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரமே, அதன் மூன்றாம் பகுதியான பாதத்தில், இத்தகைய ஆற்றல்கள் சமாதி என்னும் ஆழ்ந்த மன ஒருமைக்கு இடையூறு என்கிறது.

பிறகு ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள்? சாமியார் சொன்ன வாக்கு தமக்குப் பலித்தவர் அதை ஊரெல்லாம் சொல்வார். பலிக்காதவரோ தம் வினைப்பயன் என்று வாய்மூடி இருந்துவிடுவார். ஆகவே நம் காதுக்கு வந்து சேர்வது பலித்த கதை மட்டுமே. வேதனையில் இருப்பவருக்கு அந்த ஒரு கதையே போதுமானதாகிவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீட்டில், தாம்பாளத்து மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்ததும் அது இரத்தச் சிவப்பாக மாறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை ஆலம் என்கிறோம், அற்புதம் என்பதில்லை. செம்பருத்திச் சாறு பூசி உலர்த்திய கத்தியால் எலுமிச்சையை அறுத்தால் சிவப்பு கசிவதும் அதே போன்ற நிறமாற்றம்தான்; செய்முறை கண்ணுக்குத் தெரியாததால் மட்டுமே அது சக்தி எனப்படுகிறது.

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத நிலையில் அற்புதம் நிகழ்த்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதை வெல்லவில்லை.

இப்படிச் சான்று கேட்பவர்கள் நாத்திகர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சதுர்த்தி தவறாமல் பிள்ளையார்பட்டிக்குச் செல்லும் என் அப்பத்தா, வாசலுக்கு வந்து விபூதி வரவழைத்துக் காட்டிய ஒருவரிடம், முதலில் கையை விரித்துக் காட்டும்படிதான் கேட்டார்.