பீர் புளித்து முடிந்ததா? ஹைட்ரோமீட்டர் கேள்வி பதில்

வீட்டில் பீர் காய்ச்சும் பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், கிராவிட்டி அளப்பது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அல்சூர்: அக்கா, கிராவிட்டி என்றால் என்ன? ஏன் அளக்க வேண்டும்?

ஒரு திரவம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பதுதான் கிராவிட்டி. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்க விடுவார்களே, அதே சங்கதிதான்; பீரில் மிதக்க விடும் கருவிக்குப் பெயர் ஹைட்ரோமீட்டர். தண்ணீரை 1.000 என்று வைத்தால், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சர்க்கரை கரைந்த, இன்னும் புளிக்காத சாறான வோர்ட் 1.050 போல நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன ஹைட்ரோமீட்டர் உள்ளே இறங்கும். 1.050-இல் தொடங்கி 1.010-இல் முடிந்தால், வித்தியாசமான 0.040-ஐ 131.25-ஆல் பெருக்குங்கள். ஆல்கஹால் 5.25 சதவீதம்.

ஜீவன்பீமா நகர்: ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பில்) குமிழி நின்று இரண்டு நாள் ஆகிறது. பாட்டிலில் அடைக்கலாமா?

இப்போதே வேண்டாம். மூடி சரியாக உட்காராவிட்டால் வாயு பக்கவாட்டில் போய்விடும், ஏர்லாக் சும்மா இருக்கும். வெயில் ஏறினால் முடிந்துபோன பீரிலிருந்தும் கரைந்த வாயு கிளம்பிக் குமிழி விடும். இன்று ஒரு முறை அளந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடைக்கலாம். 1.020 போல உயரத்திலேயே நின்றுவிட்டால் மட்டும் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

பாட்டிலுக்குள் கிராவிட்டி ஒவ்வொரு பாயின்ட் (0.001) இறங்கும்போதும், பீரின் அளவில் ஏறக்குறைய பாதி அளவு வாயு சேரும். நான்கு பாயின்ட் மிச்சமிருந்தால் பீரின் அளவைப்போல இரண்டு மடங்கு. அதன்மேல் நுரைக்காக நாம் போடும் சர்க்கரையும் உண்டு. நான் ஒரு முறை 1.016-ஐப் பார்த்து, மறுபடி அளக்காமல் அடைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் மதியம் சமையலறை அலமாரிக்குள் மூன்று பாட்டில் வெடித்தன. ஒரு கண்ணாடிச் சில்லு துவரம்பருப்பு டப்பாவின் மூடியில் குத்தி நின்றது. பிள்ளைகள் நடமாடும் வீடு அது. அன்றிலிருந்து இரண்டு முறை அளக்காமல் நான் மூடி போடுவதில்லை.

கம்மனஹள்ளி: ஒரே சாம்பிளில் முதலில் 1.016, பத்து நிமிடம் கழித்து 1.013. எது சரி?

இரண்டாவது. வாயுக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டி ஹைட்ரோமீட்டரை மேலே தூக்கும். காபி ஆற்றுவது போல இரண்டு டம்ளருக்கு இடையே நாலைந்து முறை ஆற்றிவிட்டு ஜாரில் ஊற்றுங்கள். ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள். ஓரத்தில் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, கண்ணுக்கு நேரே வைத்து, பீர் சமமாக நிற்கும் மட்டத்தைப் படியுங்கள்.

அளந்த சாம்பிளைத் திரும்ப ஃபெர்மென்டரில் (பீர் புளிக்கும் பாத்திரத்தில்) ஊற்றாதீர்கள், கிருமி போய்விடும். குடித்துப் பாருங்கள். பச்சை ஆப்பிள் வாசம் அடித்தால் ஈஸ்டுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கலாம்.

சிவாஜி நகர்: புது ஹைட்ரோமீட்டர் தண்ணீரிலேயே 0.998 காட்டுகிறது. மாற்ற வேண்டுமா?

முதலில் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிட்டவை. கூடவே வரும் தாளில் இருக்கும். ஏப்ரல் மாதத்தில் நம் வீட்டுத் தண்ணீர் 28 டிகிரி இருந்தால் 0.998 காட்டுவதுதான் சரி. பீர் 30 டிகிரியில் இருந்தால் 0.002 அல்லது 0.003 கூட்டிக்கொள்ளுங்கள். சரிபார்க்க ஆர்ஓ தண்ணீர் எடுங்கள்; உப்பு அதிகமான போர்வெல் தண்ணீர் வேண்டாம்.

மாரத்தஹள்ளி: ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டு போதுமே?

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடும் கருவி அது; முதல் நாள் அருமையானது. ஆல்கஹால் சேர்ந்த பிறகு அதுவும் ஒளியை வளைப்பதால், 1.010-க்கு வந்த பீரை 1.020-க்கு மேல் காட்டும். தொடக்க அளவை வைத்துத் திருத்தம் போடலாம். ஆனாலும் அடைக்கும் முடிவை ஹைட்ரோமீட்டரிடம் விடுங்கள்.

ஃபிரேசர் டவுன்: ஒரு வாரமாக 1.020-இலேயே நிற்கிறது. என்ன செய்வது?

டிசம்பர் இரவுக் குளிரில் இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட் சீக்கிரம் அடியில் படிந்து தூங்கிவிடும். ஃபெர்மென்டரைக் குளிர் படாத அறைக்கு மாற்றி, திறக்காமல் மெதுவாகச் சுழற்றிவிட்டு மூன்று நாள் பொறுங்கள். கரண்டி போட்டுக் கலக்கினால் காற்று சேர்ந்து பீர் கெடும். அப்புறம், மால்ட்டை 69 டிகிரியில் ஊறவைத்திருந்தால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை நிறைய இருக்கும். உங்கள் பீர் அங்கேயே முடிந்திருக்கவும் கூடும். ஊறவைத்த வெப்பத்தையும் ஈஸ்டின் பெயரையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.